சம்மதம் வாங்கியாச்சு

சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தியைத் தெரு முழுக்கப் பரப்பியது அவள் அக்கா பெரியவள்தான். முதலில் "பாலிசி அனலிஸ்ட்" என்றுதான் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் கண்ணில் படாமல் ஒதுங்கியே நடந்தார். பிறகு பெரியவள் பாடத்தை மாற்றிக்கொண்டாள். "அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவர்றதுக்கு முன்னாடி, அது நல்லதா கெட்டதான்னு ஆராய்ஞ்சு சொல்ற வேலை. இன்னும் படிப்பே முடியல, அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் யாருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாது என்பதுபோல் குரல் கொஞ்சம் ஏறும்.

வேலை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். வகுப்பு இல்லாத நாட்களில் கொள்கை ஆய்வு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். பிரிண்டர் சூடானால் சின்னவளும் சூடாவாள். முதல் அறிக்கை நன்றாக வந்தால் படிப்பு முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகத் தலைமை ஆய்வாளர் மேடம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பரீட்சைப் புத்தகத்தையும் அறிக்கையையும் ஒரே பையில் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

அறிக்கையின் விஷயம் என்ன தெரியுமா? வீடுகளில் நடத்தும் குழந்தைக் காப்பகங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வைக்கலாமா என்பது. சின்னவள் குடியிருந்ததே அப்படி ஒரு காப்பகத்தில்தான். பெரியவளின் வீட்டு முன்னறை முழுக்கப் பாய்களும் பொம்மைகளும் மூக்கு ஒழுகும் பிள்ளைகளும். கப்பலில் சமையல்காரராக இருக்கும் அத்தான் வருடத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பார். சின்னவளின் படிப்பு ஓடியது அந்த முன்னறை வருமானத்தில்தான். பிள்ளைகள் பெரியவளைப் பெரியம்மா என்றும் சின்னவளைச் சித்தி என்றும் கூப்பிடுவார்கள். வேலை நேரத்தில் பெற்றவர்கள் விட்டுப்போன இடத்தில் அத்தனை உறவும் அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது.

விஷயத்தைக் கேட்டதும், "மேடம், எங்க வீட்டுலயே அப்படித்தான்" என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் என்று பயம். இந்த மாதிரி இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதை அடக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவள் எழுதிய பரிந்துரைகள் நல்ல பரிந்துரைகள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் உதவிக்கு இரண்டாவது ஆள் வைக்க மானியம் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், அப்புறம் பதிவைப் பற்றிப் பேசுங்கள் என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியையும் அக்காவை நினைத்துத்தான் எழுதினாள்.

மேடம் படித்துவிட்டுத் தலையாட்டினார். "எல்லாம் சரி. ஆனா இதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. முதல் பக்கத்துல கட்டம் போட்டு ஒரு பெட்டிச் செய்தி வேணும். ஒரு உண்மையான ஆளு, ஒரு உண்மையான நாளு. அது மனசுல தைச்சாத்தான் மீதியைப் படிப்பாங்க."

அதற்காக அவள் சில வீடுகளின் கதவைத் தட்டினாள். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாகவே அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் உட்காரவைத்து, தங்கள் காப்பகத்தில் எந்தக் குழந்தையும் அழுததே இல்லை என்றார்கள். பரீட்சை கழுத்தை நெரித்தது. அப்போதுதான் அவளுக்கு அக்காவின் ஒரு நாள் ஞாபகம் வந்தது.

அது மழைக்காலத்தில் நடந்தது. ஒரு பையன் வாந்தி எடுத்து, பெரியவள் அவனைக் குளியலறையில் கழுவிக்கொண்டிருந்தாள். பால்காரர் போனபோது கதவைச் சரியாகச் சாத்தவில்லை. வீட்டில் முயல் என்று ஒரு குழந்தை உண்டு. அதற்கு நடக்கத் தெரியாது, குதிக்கத்தான் தெரியும் என்பதால் அந்தப் பெயர். முயல் குதித்துக்கொண்டே வெளியே போய்விட்டது. பெரியவள் வந்து பாய்களை எண்ணிப் பார்த்தபோது ஒரு பாய் காலி. வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓடினாள். முனையில் இருந்த சலவைக் கடைக்காரர் எதிரே வந்தார், தோளில் முயலோடு. அவர் கடையில், சுற்றுகிற சலவை இயந்திரத்துக்கு முன்னால் முயல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்குள் சட்டைகள் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லையாம்.

பிள்ளைகள் எல்லாம் போன பிறகு பெரியவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "முயலோட அம்மா வந்தப்ப சொல்ல வாய் வரலடி. நாளைக்குக் காலையில சொல்லிடறேன்."

"எதுக்குக்கா? ஒண்ணும் ஆகலையே. சொன்னா அவங்க வேலையில நிம்மதியா நிப்பாங்களா? நமக்குள்ளயே இருக்கட்டும்." சொன்னது சின்னவள். அடுத்த வாரம் ஒரு தச்சரைக் கூட்டி வந்து, கதவின் தாழ்ப்பாளைப் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அத்தோடு முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

சின்னவள் இதைத்தான் எழுதினாள். தெருவை மாற்றினாள், அக்காவின் வயதைக் கூட்டினாள், மழையை வெயிலாக்கினாள். வாந்தியையும் வெறுங்காலையும் கண்ணாடிக்குள் புரண்ட சட்டைகளையும் மாற்ற மனம் வரவில்லை, எழுத்தில் உயிர் இருந்ததே அங்கேதான். தாழ்ப்பாளோடு முடித்தாள்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் குழந்தை எழுந்திருக்கவே இல்லைன்னு எழுதியிருக்கியே, அது கற்பனை இல்லையே?"

"இல்லை மேடம்."

"அந்தக் காப்பகம் நடத்தற அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் மேடம்."

சாப்பிட்டாயா என்று கேட்பவர்களிடம் பசியை மறைத்து, சாப்பிட்டேன் என்கிறோமே, அவ்வளவு சுலபமாக வந்தது. சொல்லி முடித்ததும் மேசைக்குத் திரும்பி, பரீட்சைப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள்.

அறிக்கை மையத்தின் இணையதளத்தில் ஏறியது. ஒரு செய்தித்தாள் பரிந்துரைகளை எல்லாம் விட்டுவிட்டுப் பெட்டிச் செய்தியை மட்டும் தூக்கிப் போட்டது. தலைப்பு: "கதவு திறந்திருந்தது". மேடம் பாராட்டி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். சின்னவள் தன் பங்கைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உன் அறிக்கை பேப்பர்ல வந்திருக்காமே, எனக்குப் படிச்சுக் காட்டேன்" என்று பெரியவள் கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள்.

"அதெல்லாம் வெறும் புள்ளிவிவரம்கா. உனக்குத் தூக்கம்தான் வரும்."

"எனக்குத் தூக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு, படி" என்று சிரித்தாள் பெரியவள். சின்னவள் குளிக்கப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, நனையாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் முயலின் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள். எப்போதும் உள்ளே வந்து ஒரு நிமிஷம் காலை நீட்டி உட்காருபவள், இன்று வாசற்படியிலேயே நின்றாள். கையில் போன் இருந்தது.

"அக்கா, ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க."

படித்தாள். வாந்தி என்ற இடம் வந்ததும் பெரியவள் கையில் இருந்த துடைப்புத் துணி நின்றது. தாழ்ப்பாள் என்ற இடம் வந்ததும் முயலின் அம்மா படிப்பதை நிறுத்தி, தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள். புதுத் தாழ்ப்பாளுக்குக் கீழே, பழையதைக் கழற்றிய இடத்தில் ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன.

"இவ ரொம்ப நாளா 'சட்டை சுத்துது, சட்டை சுத்துது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. நான் டிவியில ஏதோ பாத்திருக்கான்னு நினைச்சேன்" என்றாள். "இது நம்ம வீடாக்கா?"

பெரியவள் திரும்பி, பாய் மடித்துக்கொண்டிருந்த சின்னவளை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள். எழுதியது நீயா என்றுகூட அது கேட்கவில்லை. யார் என்று தெரிந்துவிட்ட பார்வை அது.

"ஆமாம்மா. நம்ம வீடுதான். உங்ககிட்ட மறைச்சது தப்பு."

"இது வெளிய எப்படிப் போச்சு? உங்க தங்கச்சி வேலை பாக்கற இடம்தானே இது?"

சின்னவள் மடித்த பாயையே மறுபடி விரித்து மடித்தாள்.

"அங்கேருந்து வேற ஆளுங்க வந்து விசாரிச்சாங்க. மனசுல வச்சுக்க முடியாம நான்தான் சொன்னேன்" என்றாள் பெரியவள். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சின்னவள் நிமிர்ந்து, "இல்லை, நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது, நேரமும் இருந்தது. பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட சொல்லத் தோணுச்சு. பெத்தவகிட்ட சொல்லத் தோணலையா?" முயலின் அம்மா கத்தவில்லை. "சொல்லியிருந்தா நான் சண்டைக்கு வந்திருப்பேன்னு நினைச்சீங்களா? எங்க வார்டுல தினமும் இதே கதைதான். ஒருத்தருக்கு ஊசி போடப் போனா இன்னொருத்தர் கட்டில்லேர்ந்து இறங்கிடுவார். எனக்குப் புரிஞ்சிருக்கும்க்கா."

அவள் உள்ளே வந்தாள். முயலின் பை, தண்ணீர்ப் புட்டி, மாற்றுத் துணி, எப்போதும் இங்கேயே கிடக்கும் தலையணை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். தலையணையை எடுத்தபோதுதான் இனி குழந்தை இங்கே வராது என்று அக்கா தங்கை இருவருக்கும் தெரிந்தது. முயலுக்குத் தெரியவில்லை. "பெரியம்மா டாட்டா, சித்தி நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் படியில் குதித்தது.

பெரியவள் விட்ட இடத்திலிருந்து தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அக்கா."

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ வேண்டாம்னுடுவியோன்னு பயம்."

"யாரைப் பத்தி எழுதினன்னு உங்க மேடம் கேக்கலையா?"

"சம்மதம் வாங்கினியான்னு மட்டும்தான் கேட்டாங்க. வாங்கிட்டேன்னு சொன்னேன்."

பெரியவள் துணியைப் பிழிந்தாள். "சரி, இப்போ குடுத்துட்டேன். நீ சொன்னது பொய்யா இருக்க வேண்டாம்."

"என்னைத் திட்டுக்கா."

"எதுக்குத் திட்டணும்? எழுதினது அத்தனையும் உண்மை. நான் ஓடினது, அழுதது, சொல்லாம விட்டது, எல்லாம் இருக்கு." குரல் அப்போதுதான் உடைந்தது. "சொல்ல வேண்டாம், நமக்குள்ளயே இருக்கட்டும்னு நீ சொன்னியே, அது மட்டும்தான் இல்லை."

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் வழி சொல்ல உட்கார்ந்தவள், பெட்டிக்குள் அக்காவை நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் வெளியே நின்றுகொண்டது அவளுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. மேடம்தான். "திங்கக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம் முடிவாயிடுச்சு. உன் பெட்டிச் செய்தியை நானே வாசிக்கப் போறேன். உன் வேலை விஷயமும் பேசியாச்சு, கூட்டம் முடிஞ்ச கையோட கடிதம் வந்துடும்."

"மேடம், அந்தப் பெட்டிச் செய்தியை எடுத்துடுங்க."

"என்னது?"

"நான் சம்மதம் வாங்கல. வாங்கிட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அது எங்க அக்கா. நான் இருக்கறதே அந்த வீட்டுலதான்."

மேடத்தின் குரல் நிதானமாக வந்தது, அலுவலகக் குரல். "நீ செஞ்சது பெரிய தப்பு, அதை அப்புறம் பேசுவோம். பேப்பர்ல வந்தாச்சு, இனி எடுத்தா மொத்த அறிக்கைக்கும் கெட்ட பேர். இப்போ கேட்டா அவங்க சம்மதம் குடுப்பாங்களா?"

பெரியவள் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டாங்க மேடம்" என்றாள் சின்னவள். "என் பொய்யைக் காப்பாத்தக் குடுத்தாங்க. அதனாலதான் எடுத்துடுங்கன்னு கேக்கறேன்."

மேடம் போனை வைத்துவிட்டார். வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. சின்னவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கதவருகே வந்தாள். பெரியவள் எட்டி மேல் தாழ்ப்பாளை விலக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"முயலோட அம்மா பஸ் ஸ்டாப்புலதான் நிப்பாங்க" என்றாள். "பஸ் இன்னும் வந்திருக்காது. போய்ச் சொல்லிட்டு வா."