சிகரெட் மெஷினில் மாத்திரை

அம்சவல்லி ரெண்டு மாசமாக மாத்திரை வாங்க வரவில்லை. கம்பெனி டிஸ்பென்சரி கம்பவுண்டரான எனக்கு இது தெரியும், டாக்டருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அது வலிப்புக்கான மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐந்து வருஷத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. விட்டால் வரும். மெஷின் ஓடுகிற ஷாப்புக்குள் ஒரே ஒரு தடவை விழுந்துவிட்டால் போதும், பாதுகாப்பு விதியைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் சம்பளத்தில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்காமல் இல்லை. அவள் வேலை பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் டேபிள் பக்கம் போய், "இன்னாம்மா, அந்தப் பக்கமே காணோம்?" என்றேன். "நான் காஞ்சிபுரத்துல வாங்கிக்கிறேண்ணே, நீ போ" என்றாள். காஞ்சிபுரத்துக்கு அவள் மாசத்துக்கு ஒரு தடவை போனால் அதிசயம். பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறாள் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் கேட்க என் மூளை வேலை செய்யவில்லை.

தொண்ணூற்றொன்றில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இத்தனை கம்பெனிகள் கிடையாது. ஹைவே ஓரத்தில் எங்கள் பிரஸ் ஷாப், சுற்றிலும் வேலிக்காத்தான் முள். கார் பாகங்களைத் தகட்டிலிருந்து குத்தி எடுக்கும் வேலை. அந்தச் சத்தத்தில் பத்து வருஷம் நின்றவர்களுக்கு முக்கால் காது போய்விடும். டீ டைம் பத்து நிமிஷம்தான். அதற்குள் என் ஜன்னலில் நாற்பது பேர் நிற்பார்கள். "காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு" என்று சாதாரணமாகச் சொன்னால் "இன்னா?" என்பார்கள். கத்துவேன். மறுபடி "இன்னா?" என்பார்கள். இன்னும் கத்துவேன். நடுவில் ரெண்டு ஜோக்கும் சேர்ப்பேன். வரிசையே சிரிக்கும். ஷாப்பிலேயே கலகலப்பான இடம் என் ஜன்னல்தான் என்று பதினாலு வருஷமாக எனக்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு எதிரே பர்சனல் மேனேஜர் ராஜசேகர் ஒரு மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார். உங்கள் வரிசையால் புரொடக்ஷன் லைன் லேட்டாகிறது என்றார். ஏதோ கப்பலில் இருந்த, காசு போட்டால் பாக்கெட் விழும் சிகரெட் மெஷினாம் அது, பாரிமுனையில் ஏலத்தில் எடுத்தாராம். மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் பழனிவேல் அதை மருந்து மெஷினாக மாற்றிவிட்டான். நாற்பது அறை. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிப் பித்தளை டோக்கன். டாக்டர் செவ்வாய்க்கிழமை வந்து சீட்டு எழுதி, டோக்கனை அவரவர் கையில் கொடுப்பார். நான் ஒரு வாரத்து மாத்திரையைச் சிகரெட் பாக்கெட் அளவு அட்டைப் பெட்டியில் போட்டு அவரவர் அறையில் அடுக்க வேண்டும். பெட்டி மேல் பேர் இருக்காது. காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்கு நிலா, அதையும் நானே வரைய வேண்டும். டோக்கனைப் போட்டால் மோட்டார் சுற்றிப் பெட்டி கீழே விழும். ஒரு மாசம் டிரையல், அப்புறம் நான் ரிப்போர்ட் எழுத வேண்டும். என் தலையை வெட்டலாமா என்று என்னிடமே கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே ராஜசேகரிடம், "சார், இது ஆகாது. இருமலுக்குச் சிகரெட் மெஷினா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அறைகளைத் திறந்து பார்த்தேன். பதினேழாம் நம்பர் காலி. அம்சவல்லியின் அறை.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ கோபம் வந்தது. மறுநாள் கேன்டீன் பின்பக்கம், தட்டு கழுவும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என் ஜன்னலுக்கு வராத ஆளு, அந்தத் தகரப் பொட்டிகிட்ட போறியே அம்சா?"

அவள் சுற்றிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது வாயைத் தொறக்கல."

"உன் விசயத்தை நான் யாருகிட்டம்மா சொன்னேன்?"

"நீ சொல்ல மாட்டண்ணே. கத்துவே. முனிரத்தினத்துக்குக் களிம்பு குடுத்தப்போ இன்னா பண்ணே?"

அது மூலத்துக்கான களிம்பு. எங்கே, எப்படித் தடவ வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கத்தினேன். அப்பவும் கேட்கவில்லை. கையால் செய்து காட்டினேன்.

"இப்ப அந்தாளு பேரு இன்னா?"

"களிம்பு" என்றேன்.

"அந்தாளு பொண்ண பாக்க வந்தவங்களே களிம்பு வூடு எதுன்னு கேட்டுக்கினு போனாங்கோ. என் மாத்திரைக்கு இன்னா பேரு வெப்பானுங்க, சொல்லு. உன் ஜன்னல்ல நாப்பது பேர் சிரிக்கிறாங்கன்னு பாக்குறியே, சிரிக்காதவங்க வர்றதையே வுட்டுட்டாங்க. அது உனக்குத் தெரியாது."

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். சூரியனுக்குக் கதிர் கூட வரைந்தேன். அம்சவல்லி வெள்ளிக்கிழமை தவறாமல் எடுத்துக்கொண்டு போனாள். ரிப்போர்ட்டில் நல்ல வார்த்தை எழுதுவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

இருபத்தாறாம் நாள் பலராமன் வந்து நின்றான். வயிற்றில் கேஸ் தொல்லை உள்ளவன், பதினெட்டாம் நம்பர்.

"இன்னா கம்பவுண்டரே, கேஸ் மாத்திரை கலர் மாறிக்கீது?"

அவன் கையில் இருந்தது வலிப்பு மாத்திரை. மோட்டார் சுற்றும்போது கரெண்ட் போயிருக்கிறது. திரும்பி வந்ததும் மெஷின் பக்கத்து அறையைத் தள்ளிவிட்டிருக்கிறது.

"சாப்ட்டியா?"

"இல்ல."

பிடுங்கிக்கொண்டேன். "யாருது இது?" என்றான். "புது ஸ்டாக், தப்பா வந்துடுச்சு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினேன். அவனுக்குப் பாதிதான் கேட்டது, போய்விட்டான்.

எங்கள் பக்கம் கரெண்ட் ஒரு நாளைக்கு நாலு தடவை போகும். அடுத்த தடவை சுகர் மாத்திரை யார் வயிற்றுக்குப் போகுமோ? பழனிவேல் ரெண்டு நாள் குடைந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான். வேறு வழியில்லாமல் நடந்ததை நடந்தபடி ரிப்போர்ட்டில் எழுதினேன்.

ராஜசேகர் படித்துவிட்டு, "முதல் நாளே ஆகாதுன்னீங்க. ஜெயிச்சுட்டீங்க" என்றார்.

ஜெயித்தவன் மாதிரியா இருந்தேன்? திங்கட்கிழமை ஜன்னலைத் திறந்தால் அம்சவல்லி வரமாட்டாள். மெதுவாகப் பேசுகிறேன் என்று சொல்லலாம். நாற்பது பேரும் "இன்னா?" என்பார்கள்.

நேரே பழனிவேலிடம் போனேன். "மோட்டாரைக் கழட்டிட்டா உள்ள ஒரு ஆளு உக்கார எடம் கெடைக்குமா?"

"எந்த ஆளு?"

"நான்தான்."

என் தொப்பையை ஒரு தடவை பார்த்தான். "கெடைக்காது. பின்னாடி தகரத்தையும் கழட்டணும்யா."

ராஜசேகரிடம், "சார், மெஷின் வேலை செய்யாது. மெஷின் வேலையை நான் செய்யறேன். ஜன்னலை அடைச்சு அந்தப் பொட்டியை வெச்சிடலாம். சந்தேகம் கேக்கறவங்க உள்ள வந்து கதவைச் சாத்திக்கினு கேக்கட்டும்" என்றேன். வரிசை நீளாது என்றால் சரி என்று கையெழுத்துப் போட்டார். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அதை எழுத்தில் போடவில்லை.

திங்கட்கிழமை டிஸ்பென்சரிக்குள், பெட்டியின் முதுகுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டோக்கன் விழும். நம்பரைப் பார்ப்பேன், சீட்டோடு ஒத்துப் பார்ப்பேன், பெட்டியைத் தள்ளுவேன். கைகள் மட்டும்தான் தெரியும். களிம்பு, இல்லை, முனிரத்தினத்தின் டோக்கனும் வந்தது, ஒரு வருஷத்துக்கப்புறம். நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை பதினேழு விழுந்தது. பெட்டியைத் தள்ளினேன். எடுத்துக்கொண்ட கை போகவில்லை.

"மிசினு" என்றது அம்சவல்லியின் குரல், தணிந்து.

தகரத்தில் காதை வைத்தேன்.

"வர்ற வாரம் லீவு. வல்லக்கோட்டையில தங்கச்சிக்கு வளைகாப்பு. ரெண்டு வாரத்துக்குச் சேத்துப் போடுவியா?"

சீட்டைப் பார்த்தேன். டாக்டர் மாசத்துக்கு எழுதியிருந்தார். இன்னொரு பெட்டியைத் தள்ளினேன்.

பின்னால் பலராமன் குரல் கேட்டது. "இன்னா அம்சா, மிசினுகிட்ட பேசிக்கினு கீற?"

"இதுக்கு வாய் கெடையாதே, அதான் பேசறேன்" என்றாள்.

பெட்டிக்குப் பின்னால் எனக்குச் சிரிக்க இடம் போதவில்லை.