குவைத்துக்கு அனுப்பப் போன காசு

இப்போதெல்லாம் வீட்டுக்குக் காசு வந்தால் யாரும் வாசலுக்குக்கூட வருவதில்லை. செல்போனில் ஒரு சத்தம். என் மருமகள் மஞ்சுளா எட்டிப் பார்க்கிறாள், "வந்துடுச்சு" என்கிறாள், மறுபடி குழம்பைக் கிளறப் போய்விடுகிறாள். அனுப்பியவன் சாப்பிட்டானா, உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்தச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது.

என் அண்ணன் பம்பாய் மில்லில் இருந்தபோது மணியார்டர் வரும். தபால்காரர் ஆண்டனி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, அண்ணன் எழுதிய நாலு வரியைச் சத்தமாகப் படிப்பார். அம்மா மறுபடி படிக்கச் சொல்வாள். தெருவில் பாதிப் பேர் வந்து நிற்பார்கள்.

ஒரு வருஷம் ஏரி நிறைந்து நெல் நன்றாக விளைந்தது. அப்பா அதே ஆண்டனியிடம் ரயில் காசைக் கொடுத்து, அண்ணனுக்கு மணியார்டர் போடச் சொன்னார். "'இந்த மாசம் அனுப்பாத, கெளம்பி வா'ன்னு எழுதுப்பா" என்றார். அண்ணன் வந்தான். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் அவன் நடந்து வந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இந்த வருஷமும் எங்கள் பாகூர் ஏரி நிறைந்தது. குவைத்தில் இருக்கும் என் மகன் அரிகரன், மாடிக்குத் தளம் போட்டதும் வருகிறேன் என்றிருந்தான். தளம் போட்டாயிற்று. இப்போது டைல்ஸ் முடியட்டும் என்கிறான். நெல் விற்ற காசை வேட்டியில் முடிந்துகொண்டு அமீர் ஹம்சா கடைக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வருகிற காசை எடுத்துத் தருகிற கடை.

"இதை அரிக்கு அனுப்புப்பா. டிக்கெட் எடுத்துக்கினு வரட்டும்."

அமீர் ஹம்சா சிரித்தான். "மாமா, அங்கேருந்து வர்றதைக் குடுக்கத்தான் எனக்குத் தெரியும். இங்கேருந்து எவன் அனுப்புறான்? பாகூர்லயே நீதான் மொத ஆளு."

"வர்றதுக்கு வழி இருக்குது, போறதுக்கு இல்லியா?"

"அவன்கிட்ட டிக்கெட்டுக்கா காசு இல்ல? நீயே கேளு." தன் போனில் அரிகரனை வீடியோவில் கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அரிகரன் தலையில் மஞ்சள் தொப்பி. பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற இரைச்சல்.

"டேய், நெல்லு நல்லா வந்துக்குது. நீ அனுப்ப வேணாம். வா."

"டைல்ஸு, பொண்ணு காலேஜு பீஸு, உன் கண்ணு ஆப்பரேசனு. எல்லாம் யாருப்பா பாக்குறது?"

"என் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீ எளச்சிக்கிற, அதுவும் தெரியுது."

அவன் இரைச்சலிலிருந்து கொஞ்சம் தள்ளி வந்தான். "மாசாமாசம் அனுப்புறதாலதான்பா அந்த வூட்ல நானும் இருக்கிறாப்ல இருக்குது. சிமெண்டு வந்துச்சு, கம்பி வந்துச்சுன்னு மஞ்சு பேசும். அது இல்லன்னா என்கிட்ட பேச இன்னா இருக்குது?"

"ஏரில மீன் புடிக்கிறாங்கடா" என்றேன். "வெரா மீனு, கை நீளத்துக்கு."

"வெராவா?" அவன் முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. "யாருப்பா வலை போடுறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே யாரோ அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள். போன் அணைந்துவிட்டது.

"பாத்தியா மாமா, காசு பிரச்சனை இல்ல" என்றான் அமீர் ஹம்சா. "டைல்ஸு முடிஞ்சா தானா வந்துடுவான். இரு, டீ சொல்றேன்."

தளம் போடும்போதும் இவன் இதையேதான் சொன்னான். காசை மறுபடி வேட்டியில் முடிந்துகொண்டு, டீக்கு நிற்காமல், டவுனில் அவனுக்கு டிக்கெட்டை நானே எடுத்துவிடலாம் என்று பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.