ஆரம்பக்காரர் செட்

தணிகாசலத்தின் இருமல் போன தை மாதம் தனிக்குடித்தனம் போனது. ரொம்ப தூரமில்லை, மாடிப் போர்ஷனுக்குத்தான். முப்பது வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது, கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்று அவரும் தடுக்கவில்லை. இருமல் முறைப்படி பால் காய்ச்சியது. அக்கம்பக்கத்தார் வந்து குடித்துவிட்டு, வீடு நல்ல வெளிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தனியாகப் போன பிறகு இருமல் திருந்திவிட்டது. விடிந்ததும் குளித்தது. மாடிப்படியைப் பெருக்கியது. எதிரே வந்தால் ஒதுங்கி நின்று "குட்மார்னிங் சார்" என்றது.

திருந்தாதவர் தணிகாசலம்தான். ஒரு நாளைக்குப் பதினெட்டு சிகரெட் என்பது பதினெட்டாகவே இருந்தது. இருமுகிற வேலையும் இல்லாததால் மனுஷர் நிம்மதியாக ஊதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மரகதவல்லி இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவள் அவருடைய மனைவி. இருபத்தாறு வருஷமாக.

"சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மாடிக்குப் போறேன்."

"துணி எடுக்கவா?"

"குடித்தனம் போறேன். உங்க இருமலோட வீட்டுக்கு."

"அது என்னோட இருமல், மரகதம்."

"இருக்கட்டும். கூப்பிட்டா என்னக்கான்னு கேக்குது. நீங்க இந்தப் பொகைக்குள்ள எங்க இருக்கீங்கன்னே தெரியல. உங்க மூஞ்சியப் பாத்து ஆறு வருஷம் ஆச்சு."

மரகதம் மிரட்டுகிற ஜாதி இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். அவள் இல்லாத கீழ்வீட்டைத் தணிகாசலம் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். இட்லி இறங்கவில்லை.

"மின்சிகரெட்டுக்கு மாறிடறேன். அதுல பொகையே கிடையாதாம். ஆவிதானாம்."

"ஆறு மணிக்குள்ள மாறுங்க. மட்டமா எதையாவது வாங்கிட்டு வராதீங்க. அதுக்காக ஒசத்தியா வாங்கி ஏமாறவும் வேணாம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குன்னு கட்டுபடியாகற மாதிரி ஒரு செட் இருக்குமாம், அதப் பாத்து வாங்குங்க."

இவ்வளவு விவரமாகச் சொல்லிவிட்டு அவள் பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கினாள்.

மின்சிகரெட் கடை எட்டு மாடி. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். முகூர்த்த ஆவி மூன்றாம் மாடி, துக்க வீட்டுக்குப் போட்டுப் போகிற ஆவி ஐந்தாம் மாடி, ஆரம்பக்காரர்களுக்குத் தரைத்தளம் என்று பலகை இருந்தது. தரைத்தளம் முழுக்க வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை. அதன்மேல் அமிர்தராஜ் என்கிற விற்பனையாளர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க சார். வீட்ல அம்மா வரலியா?"

"இல்ல."

"அவங்க இல்லாம எடுத்தா நாளைக்கே மாத்த வருவீங்க. சரி, பாருங்க."

அமிர்தராஜ் ஒவ்வொரு கருவியாக எடுத்து உதறினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு கஜம் ஆவி வந்து தணிகாசலத்தின் மடியில் விழுந்தது. ஏலக்காய் நிறம். வெங்காயச் சருகு நிறம். ஒன்று மழைக்கு முந்தின சாயங்காலம் மாதிரி இருந்தது, ஆனால் அதற்குக் கரை சரியில்லை.

"மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?" என்று தணிகாசலம் கேட்டார். எதை வாங்கினாலும் அவர் இதைக் கேட்பார். தலையணைக்கும் கேட்டிருக்கிறார்.

"ஒரு சார்ஜுக்கு ரெண்டு நாள் சார். வீட்ல சண்டைன்னா ஒண்ணரை."

"உள்ள இருக்கற கம்பிச்சுருள் மாத்தணுமாமே?"

"மாசம் ஒண்ணு. ரொம்ப மட்டமானத எடுத்தீங்கன்னா சுருள் எங்கயும் கிடைக்காது. ரொம்ப ஒசத்தின்னா சுருள் உங்களை மாத்தச் சொல்லும்."

தணிகாசலம் தலையாட்டினார். நடுத்தரமாக, சாம்பல் கலந்த நீலத்தில் ஒன்று அவருக்குப் பிடித்தது. விலையும் கையைக் கடிக்கவில்லை. ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தை நம்பி எதையும் எடுக்கக் கூடாது என்பது மரகதத்தின் கட்டளை.

"வெளிச்சத்துல பாக்கணுமே."

"தாராளமா."

ஆவியின் ஒரு முனையை அவரும் மறு முனையை அமிர்தராஜும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். வாசல் அறுபதடி தள்ளி இருந்தது. நடந்தார்கள். தொண்ணூறடி தள்ளி இருந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். வாசல் கடுகளவு தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான் சார்" என்றார் அமிர்தராஜ்.

பகல் ஒன்றரைக்கு உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டார்கள். ஆவியை மடித்துப் பக்கத்தில் வைத்தார்கள், கறை படக்கூடாதல்லவா. நாலரை மணிக்கு வாசல் வந்து சேர்ந்தது. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் ஆவியைக் காணோம். எதிர்ச் சாரியில் பூக்காரம்மாள் சில்லறை எண்ணுவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"ஒண்ணுமே தெரியலியே?"

"அதான் சார் குவாலிட்டி."

இதன் வழியாக மரகதத்துக்குத் தன் முகம் தெரியும் என்று தணிகாசலம் நினைத்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதையே போட்டுடுங்க" என்றார். திரும்பி வர ஒரு நிமிஷம்தான் ஆனது.

பில் போடும் மேஜைக்குப் பின்னால் அமிர்தராஜே போய் உட்கார்ந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டார். மாட்டியதும் தணிகாசலத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு நீங்க?"

"இப்ப ஒண்ணா சாப்பிட்டமே!"

"அது சேல்ஸ். இது பில்லிங். ஆரம்பக்காரர் செட் ஆரம்பக்காரருக்கு மட்டும்தான் தருவோம். நீங்க ஆரம்பக்காரர்தானா?"

"மின்சிகரெட்டுக்கு ஆரம்பக்காரன்தான்."

"ஒண்ணுல மட்டும் ஆரம்பம்னா செல்லாது. எல்லாத்துலயும் ஆரம்பமா இருக்கணும். தெரிஞ்சதையெல்லாம் இந்த மேஜை மேல வெச்சிடுங்க. ரசீது தரேன்."

"இல்லேன்னா?"

"அனுபவஸ்தர் செட் இருக்கு. தூக்க நாலு பேர் வேணும். நாலு பேருக்கும் அனுபவம் இருக்கணும்."

கடிகாரத்தில் ஐந்து பத்து. தணிகாசலம் பதினாறாம் வாய்ப்பாட்டை எடுத்து வைத்தார். சைக்கிள் ஓட்டத் தெரிந்ததை வைத்தார். வேட்டி கட்டத் தெரிந்ததை வைத்ததும் வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சிகரெட் குடிக்கத் தெரியுமா?"

முப்பது வருஷத்தையும் இடது கையாலேயே அள்ளி வைத்தார். மேஜை சற்றுக் கறுத்தது. அமிர்தராஜ் முத்திரை குத்தினார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இருபத்தாறு வருஷம்."

"அதையும் வைங்க."

தணிகாசலம் அசையவில்லை. "அதக் காப்பாத்தத்தானே இத வாங்க வந்தேன்?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

"திருப்பித் தருவீங்களா?"

"கேட்டா தருவோம். யாரும் கேட்டதில்ல. கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது."

தணிகாசலத்துக்கு அழுகை வந்தது. தூங்கப் போகுமுன் மரகதம் மின்விசிறியை ஒரு எண் குறைத்து வைப்பது ஞாபகம் வந்தது. அவர் கண்ணாடியில் ஊதி, முந்தானையால் துடைத்து, தானே போட்டுப் பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியல" என்பாள். இதெல்லாம் போய்விடும். வைக்காமல் போனால் அவளே போய்விடுவாள். எனக்குத் தெரியாமல் போனாலும் பரவாயில்லை, அவள் கீழே இருக்கட்டும் என்று முடிவு பண்ணினார்.

இருபத்தாறு வருஷமும் ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. ஆனால் வைத்தபோது மேஜையின் ஒரு கால் முறிந்தது.

அமிர்தராஜ் டப்பாவை அலமாரியில் போட்டுப் பூட்டினார். புது செட்டின் பெட்டிமேல் ஒரு விலாசம் எழுதிக் கையில் கொடுத்தார். "இங்க எடுத்துட்டுப் போங்க" என்றார்.

தணிகாசலம் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் வேட்டியுமாக அந்த விலாசத்துக்குப் போனார். நல்ல வீடு, மாடியும் கீழுமாக. மாடிப்படியின் நாலாவது படியில் ஒரு அம்மாள் சூட்கேசோடு நின்றிருந்தாள். மூக்குத்தி போட்டிருந்தாள். கோபமாக இருந்தாள். பார்த்த உடனே அவருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

"இப்பதான் வரத் தெரிஞ்சுதா?" என்றாள் அந்த அம்மாள்.

"மன்னிக்கணும். நீங்க யாருன்னு தெரியல. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். முகத்தில் கண் அப்படியே நின்றுவிட்டது.

"ஆறு மணி வரைக்கும் ஆயிருக்கு."

"இப்ப மணி என்ன?"

"அஞ்சு அம்பத்தெட்டு."

"அப்ப ரெண்டு நிமிஷம் இருக்கேன்."

அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். எங்கோ மணி ஆறு அடித்தது.

"நான் உங்களைப் பொண்ணு பாக்க வந்திருக்கேன்" என்றார் தணிகாசலம்.

"தனியாவா?"

"எனக்கு யாரையும் தெரியாதுங்க."

மாடியிலிருந்து இருமல் இறங்கி வந்தது. தோளில் துண்டு போட்டிருந்தது. பெண் வீட்டாராக நின்று பேச அங்கே வேறு ஆளில்லை.

"தப்பா நெனைக்கக் கூடாது, கேட்டுடறது நல்லது" என்றது. "உங்களுக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டுங்களா?"

"இல்லீங்க" என்றார் தணிகாசலம். பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இனிமேதான் ஆரம்பிக்கணும்."

இருமல் அந்த அம்மாளைப் பார்த்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் இருந்தது.

"இதுக்கு முன்னாடி வந்தவரு, ஒண்ணுமே இல்லேன்னு சத்தியம் பண்ணினாரு" என்றாள்.

"அவரு இப்ப எங்க?"

"கடைக்குப் போனாரு. வரல."

"நான் இருக்கேங்க."

அவள் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி இறங்கினாள். அவரைத் தாண்டிப் போய்க் கீழ்வீட்டுக் கதவின் முன்னால் நின்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"எப்ப ஆரம்பிக்கறதா இருக்கீங்க?"

தணிகாசலம் பெட்டியின் பின்பக்கத்தை மெதுவாகப் படித்தார். "மொதல்ல நாலு மணி நேரம் சார்ஜ் ஏத்தணுமாம்."

அவள் கதவைத் திறந்தாள்.

"எங்க வீட்ல பிளக் இருக்கு" என்றாள்.