ஜெர்மனிக்குத் தமிழ் படிக்கப் போகிறவள்

1

இந்தக் கதையில் உண்மை ஒரே ஒரு வாக்கியம்தான். அதை இப்போதே கொடுத்துவிடுகிறேன். கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடிக்காக நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற ஒருவர் கைபேசியில் யாரிடமோ சொன்னார்: "என் பொண்ணு ஜெர்மனிக்குத் தமிழ் படிக்கப் போறா."

கடைக்காரர் அரைவையை நிறுத்தவில்லை. வரிசையில் யாரும் திரும்பவில்லை. அந்த மனிதர் அரைக் கிலோ வாங்கினார், சிக்கரி எவ்வளவு என்று இரண்டு தடவை விசாரித்தார், காளிகாட் போகும் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அவர் குரலில் இருந்தது பெருமையா அவமானமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

மீதி எல்லாம் நான் கட்டியது. பெயர், வீடு, பெண், பாடப் பட்டியல் எல்லாம்.

2

தொடக்கங்கள்.

"கொல்கத்தாவில் அன்று மழை விடாமல்—"

வேண்டாம். இந்த ஊரை வைத்து எழுதுகிற எல்லோரும் மழையில்தான் ஆரம்பிக்கிறார்கள். வாசகர் குடையோடு உள்ளே வந்து, கடைசிவரை அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

"தூரத்தில் டிராம் மணி கேட்டு ரோஹிணி ஜன்னலை—"

நான் அவர்களைக் குடிவைத்த சந்தில் டிராம் வராது. ஆட்டோவே யோசித்துத்தான் வரும்.

"வெங்கடநாராயணன் முப்பத்தோரு வருடம், பிறருடைய கையெழுத்தை நம்பாமல் இருந்ததற்காகச் சம்பளம் வாங்கியவர்."

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

வெங்கடநாராயணன் முப்பத்தோரு வருடம், பிறருடைய கையெழுத்தை நம்பாமல் இருந்ததற்காகச் சம்பளம் வாங்கியவர். வங்கி அதிகாரி. அவருடைய தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தட்டச்சு செய்ய வந்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். குடும்பத்தில் எல்லோருக்கும் தமிழ் வீட்டுக்குள், வங்காளி வாசலுக்கு வெளியே, இங்கிலீஷ் ஆபீஸில். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் கூரியர் பையன் நீட்டுகிற கருவியில் கிறுக்கச் சொன்னால் மனசு கேட்காமல் முழுக் கையெழுத்தையும் போடுவார்.

மனைவி மீனாக்ஷி. ஒரே பெண் ரோஹிணி, வயது இருபத்திரண்டு. ஜாதவ்பூரில் நிலவியல் முதுகலை படிக்கிறாள். பாறை, படிவம், பூகம்பம். ஒரு அரையாண்டு ஜெர்மனியில் போய்ப் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஊர் பேரை நான் வைக்கப் போவதில்லை. வைத்தால் அந்த ஊரில் இருக்கும் ஒரே தமிழர் "எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு பாடமே கிடையாது" என்று கடிதம் போடுவார்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜை.

"முப்பது கிரெடிட் வேணும்பா. இருபத்தஞ்சுல நிக்கறது."

"இன்னொண்ணு எடுத்துக்கோயேன். பட்டியல்தான் ரயில்வே டைம்டேபிள் மாதிரி நீளமா இருக்கே."

"நீளம்தான். முக்காவாசி ஜெர்மன்ல நடத்தறா. வெளிநாட்டுலேர்ந்து ஒரு செமஸ்டருக்கு வரவா எடுத்துக்கறாப்பல எனக்கு இருக்கறது மொத்தம் பதினொண்ணு. அஞ்சு எடுத்துண்டாச்சு. நாலு டைம் இடிக்கறது. ஒண்ணு ஃபுல்."

"மிச்சம் ஒண்ணு இருக்கே. அதைப் போடு."

"போட்டாச்சு. நீங்க கையெழுத்துப் போடணும். புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள முப்பது ஆகலைன்னா என் இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அவள் லாப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

தமிழ், தொடக்க நிலை, ஒன்று. செவ்வாய், வியாழன், பத்திலிருந்து பன்னிரண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் சேரலாம். எழுத்துத் தெரிந்திருக்கக் கூடாது. அவர்கள் விஷயத்தில் மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர், இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கையொப்பமிட்டு உறுதி தர வேண்டும்.*

"ரோஹிணி," என்றார் வெங்கடநாராயணன், "என்னைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

* இப்படி ஒரு படிவம் உலகத்தில் எங்கேயும் இருக்காது என்று எனக்கும் தெரியும். கதைக்கு வேண்டியிருக்கிறது. கண்டுகொள்ளாதீர்கள்.

4

அவர் கோபத்துக்கு ஆதாரம் இருந்தது. ஆதாரம் இல்லாமல் அவர் கோபப்படுவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ரோஹிணிதான் வரவேற்புரை வாசித்தாள். நாலு நிமிஷம், ஒரு திக்கல் இல்லை. அந்த வீடியோவைக் கும்பகோணம், சென்னை, நாக்பூர் என்று உறவுக்காரர்கள் உள்ள ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். இப்போது அதையே கைபேசியில் எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இது யாரு? கையில பேப்பர் வச்சிண்டு வாசிக்கறது யாரு? இவளுக்கு அ ஆ தெரியாதுன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா? எழுத்துத் தெரிஞ்ச பொண்ணு, தெரியாதவா நடுவுல உக்காந்து மார்க் வாங்கிண்டு வரதுக்குப் பேரு என்ன?"

சமையலறையில் மீனாக்ஷி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்வதை நிறுத்தினாள்.

ரோஹிணி எழுந்து தன் அறைக்குப் போனாள். ஒரு பிளாஸ்டிக் கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துவந்து அப்பா முன்னால் வைத்தாள். வரவேற்புரை. வெங்கடநாராயணன் இந்த ஊரில் பிறந்தவர், வங்காளி எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாய்விட்டே படித்தார்: "பெரியோர்களே, தாய்மார்களே..."

நிறுத்தினார். முழுவதும் வங்காளி எழுத்து. அங்கங்கே அடியில் சிவப்பு மையில் ஒரு புள்ளி.

"இந்தப் புள்ளி என்ன?"

"அது 'ழ'. பெங்காலில கிடையாதே. புள்ளி வந்தா நாக்கை மடிச்சுக்கோன்னு அம்மா சொன்னா. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிண்டேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பக்கத்து ஃபிளாட் மாஷிமாக்கு."

"சக்கரவர்த்தி வீட்டு மாஷிமாவுக்கா?"

"அவாதான் படிச்சுப் பாத்து எழுத்தெல்லாம் திருத்திக் கொடுத்தா."

வெங்கடநாராயணனுக்கு வலித்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தமிழே தெரியாத ஒரு வங்காளி அம்மாள் திருத்திய தமிழை அவர் நாக்பூர்வரைக்கும் அனுப்பியிருந்தார்.

5

[இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அப்பாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது என்பது இருபத்திரண்டு வருடம் ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா? என் நண்பர் சாய்ராம், இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "இதை யாரும் நம்ப மாட்டா" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் தமிழ் எழுத்து எதில் வரும்? தினசரி காலண்டரில். கல்யாணப் பத்திரிகையில். கோயில் நோட்டீஸில். ஊறுகாய் பாட்டிலில். கைபேசியில் உறவினர்கள் அனுப்புவதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் வரும். தமிழில் எது வந்தாலும் வெங்கடநாராயணன் உடனே உரக்க வாசிப்பார். அதில் அவருக்கு ஒரு ருசி. "இன்னிக்கு அஷ்டமி. ரிஷபத்துக்கு அலைச்சல்" என்று காலையில் அவர் ஆரம்பித்தால் ரோஹிணி காப்பியோடு கேட்டுக்கொண்டிருப்பாள். ஐந்து வயதிலும் கேட்டாள், இருபத்திரண்டிலும் கேட்கிறாள். அவர் வாசித்துக்கொண்டே இருந்ததால் அவளுக்கு வாசிக்கும் வேலையே வரவில்லை.

சாய்ராமிடம் இதைச் சொன்னேன். தன் பையன் புனாவிலேயே வளர்ந்தவன் என்று மட்டும் அவர் சொன்னார். அப்பாவை மாற்றாமல் வைத்துக்கொண்டேன்.]

6

இனி என்ன ஆகலாம்?

அ) அவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். இடம் அடுத்த ஆளுக்குப் போகிறது. ரோஹிணி முகத்தை என்னால் பார்க்க முடியாது. வேண்டாம்.

ஆ) உடனே போட்டுவிடுகிறார். மூவரும் கண்ணைத் துடைத்துக்கொள்—

நானே நம்பவில்லை.

இ) ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்து, சந்தியாவந்தனம் முடித்து, வெங்கடநாராயணன் போன மாதத்துக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, முன்பக்கத்தில் தேதிக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் பென்சிலால் பெரிதாக ஒரு 'அ' போட்டு, பெண்ணைக் கூப்பிட்டார். இரவு முழுக்க யோசித்திருப்பார் போல. தப்பு நடந்திருக்கிறது, கணக்கைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ரோஹிணி உட்கார்ந்தாள். கெட்டிக்காரி. பத்து நிமிஷத்தில் அ, ஆ, இ, ஈ நான்கும் வந்துவிட்டன. 'இ'யைப் பார்த்து, "இது நத்தை ஃபாஸில் மாதிரி இருக்குப்பா" என்றாள். அவர் சிரித்தார். அன்று காலை அந்த மனிதர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். 'உ' போட ஆரம்பித்தார்.

"என்ன பண்றேள் ரெண்டு பேரும்?" மீனாக்ஷி கதவருகே நின்றாள். "நாளைக்கு அந்தத் தமிழ் கிளாஸ் டீச்சர் வீடியோவுல பேசறாளாம். எழுத்துத் தெரிஞ்சா சேத்துக்க மாட்டா."

"நாலு எழுத்துதானே."

"நாலோட நிறுத்தற ஆளா நீங்க?"

பென்சில் தாளிலேயே நின்றது. இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் போக வேண்டுமானால் அவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்தால் அவள் போக முடியாது. இருபத்திரண்டு வருடம் கழித்து ஆசை வந்திருக்கிறது. மூன்று நாள் பொறுக்க வேண்டும், அதற்கப்புறம் அவளுக்கு வேறொருவர் சொல்லிக்கொடுப்பார்.

பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலண்டரைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டினார். ஊறுகாய் பாட்டிலையும் லேபிள் தெரியாமல் திருப்பி வைத்தார். இது கொஞ்சம் அதிகம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அவர் அப்படித்தான்.

7

திங்கட்கிழமை. அந்த ஆசிரியை ஜெர்மன்காரர். பேசியதெல்லாம் சுத்தமான தமிழ். கதவுக்குப் பின்னால் நின்ற வெங்கடநாராயணன் அறியாமல் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"தாங்கள் வீட்டில் தமிழிலேயே உரையாடுவீர்களா?"

"ஆமா. நன்னா பேசுவேன்."

"எத்தனை எழுத்துகள் தெரியும்?"

ரோஹிணி தயங்கினாள். அவள் அப்பா பெண். "நாலு," என்றாள். "நேத்திக்குத்தான் தெரிஞ்சது."

கதவுக்குப் பின்னால் ஒருவர் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

"நான்கு எழுத்துகளை மறந்துவிடலாம்," என்றார் ஆசிரியை. "மீண்டும் முதலிலிருந்து தொடங்குவோம்."

8

செவ்வாய்க்கிழமை வெங்கடநாராயணன் கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷில் ஒரே வரி: என் மகளுக்குத் தமிழ் எழுதவோ படிக்கவோ தெரியாது. முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு உண்மையான ஒன்றின் கீழே அவர் கையெழுத்திட்டதில்லை. மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் காலண்டர் தாளை, அ ஆ இ ஈயும் பாதி உவும் இருந்த அதே தாளை, திருப்பிப் போட்டு, பின்பக்கம் முழுவதும் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் எழுதினார். மீனாக்ஷி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ரோஹிணி வந்து தோளுக்கு மேல் குனிந்தாள். "இங்க ஒரு 'அ' இருக்கு. இங்க 'இ'." விரலால் தேடிக்கொண்டே போனாள். "மத்ததெல்லாம் என்னப்பா? வாசியுங்கோ."

வெங்கடநாராயணன் தாளை எடுத்தார். வாசிக்கிற வழக்கத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு அதை நான்காக மடித்து அவள் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார்.

"நீயே படிச்சுக்கோ," என்றார்.

9

படிவம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய்விட்டது. முப்பது ஆகிவிட்டது. காப்பிப் பொடி தீர்ந்துபோய் அவர் லேக் மார்க்கெட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதான். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று இப்போது எனக்குக் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது. சொன்னால் குறைந்துபோகும்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பீர்கள். நான் எழுதினால்தான் அதில் ஏதாவது இருக்கும், இல்லையா? எழுதியும் பார்த்தேன்.

"அன்புள்ள ரோஹிணிக்கு, இத்தனை நாள் நான் உனக்கு வாசித்துக் காட்டியதில் எதையெல்லாம் விட்டு—"

அடித்துவிட்டேன். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். எனக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. அவளுக்கு வந்த கடிதத்தை அவளுக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் படித்துவிடுவது நியாயம் இல்லை. டிசம்பருக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதுவரை இந்தக் கதைக்கு முடிவு அந்தப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்தபடியே இருக்கட்டும். பொறுக்க முடியாதவர்கள் தங்கள் அப்பா என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ரோஹிணியை எங்காவது பார்த்தால், இந்தக் கதையை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டாதீர்கள்.