லெம்பியின் வயிற்றின்மேல் நான்கு பேட்டரி

காலை ஏழேகாலுக்குக் கரண்ட் போனது. ஏழு பதினாறுக்கு எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. அந்தக் குளிரில் மின்னசோட்டா மாநிலத்திலேயே வியர்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காரணம் இருந்தது.

என் மனைவி லெம்பிக்கு இடுப்பு மூட்டு மாற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. கணப்புக்கு எதிரே சோபாவில் மூன்று ரஜாய்க்கு அடியில் கிடந்தாள். நகர்த்தக் கூடாது, குளிர விடக் கூடாது என்று டாக்டர் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். வீட்டைச் சூடாக்கும் மெஷின், சமையலடுப்பு எல்லாமே கரண்டில் ஓடுபவை. பாக்கி இருந்தது கேஸ் கணப்பு ஒன்று.

நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் கேஸ் கணப்பு மாட்டிக்கொடுத்தவன் நான். தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கும் ரகம் தெரியும். குமிழை அழுத்திக்கொண்டு ஒரு நிமிஷம் முட்டிபோட வைக்கும் பைலட் ரகமும் தெரியும். அதில் பூனைக்கண் அளவு சுடர் ஒன்று இரவும் பகலும் எரியும்; தன் சூட்டிலேயே தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தைச் செய்துகொள்ளும். ஊரே இருண்டாலும் அதற்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் அதுதான் இருந்தது. லெம்பிதான் மாற்றச் சொன்னாள்.

"ஜூலை மாசத்துல இது யாருக்காகய்யா எரியுது? கொசுவுக்குக் குளிருதா?"

அதனால் போன வருஷம் பட்டன் ரகம் மாட்டினேன். வேண்டும்போது மட்டும் தானே பொறி தட்டிக்கொள்ளும். அதற்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் அடியில் ஒரு தட்டில் இருக்கும் நான்கு பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

தட்டு காலி. பள்ளிக்கூடப் பையன்களின் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம் கேட்பதற்காக, இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால் அந்த நான்கையும் எடுத்து, உறைந்த ஏரிமேல் நிற்கும் என் மீன்பிடிக் குடிசை ரேடியோவில் போட்டிருந்தேன். திருப்பி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

"என்னய்யா முழிக்கிற? பட்டனை அழுத்து" என்றாள்.

"அழுத்திட்டேன். மெஷின் யோசிக்குது."

"போன வருஷம் வாங்கின மெஷினு."

"அதான் சொல்றேன், அனுபவம் பத்தல."

தீக்குச்சியை நீட்டினால் என்ன என்பீர்கள். மின்சாரம் இல்லாமல் இந்த ரகத்தின் வால்வு திறக்காது. கேஸே வராத இடத்தில் குச்சியை நீட்டினால் தாடிதான் கருகும். வீட்டில் வேறு பேட்டரி இல்லை. டார்ச்கூடக் கையால் சுற்றுவது. பக்கத்து வீட்டார் குளிருக்குப் பயந்து அரிசோனா போய்விட்டார்கள். போன் செத்துவிட்டது. என் டிரக் எந்தப் பனிமேட்டுக்குள் நிற்கிறது என்பது ஏப்ரலில்தான் தெரியவரும்.

சுவரில் மாட்டிய வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் அறுபத்தாறு காட்டியது. ஒன்பது மணிக்கு ஐம்பத்து மூன்று. முப்பத்திரண்டுக்கு வந்தால் குழாய்த் தண்ணீர் உறையும். லெம்பியின் உதடு அதற்கு முன்பே நீலமாகிக்கொண்டிருந்தது.

"வெளிய புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கும். தள்ளிவிட்டு வரேன்" என்று கோட்டை மாட்டினேன்.

"சீக்கிரம் வா, ஆர்வித்" என்றாள். ஐம்பத்தொரு வருஷத்தில் அவள் என்னைச் சீக்கிரம் வரச் சொன்னது அது இரண்டாவது தடவை.

வாசல் கைப்பிடியில் தூண்டில் நரம்பைக் கட்டி, சுருளை விட்டுக்கொண்டே ஏரியில் இறங்கினேன். அரை மைல். கண்ணுக்கு வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஓர் இடத்தில் நின்றது தப்பாகப் போயிற்று. நிழல் பனியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டுதான் வந்தேன். இன்றும் வெயிலில் பார்த்தால் வலது தோள் பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கும். ஆனால் என்னை அரித்தது அதுவல்ல. ரேடியோவை அணைத்தேனா?

அணைக்கவில்லை. குடிசைக்குள் ரேடியோவின் குமிழ் திறந்தபடி இருந்தது. சத்தம் இல்லை. மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் போட்ட துளை வழியாக ஒரு மீன் எட்டிப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

குளிரில் பேட்டரி செத்த மாதிரி கிடக்கும், சூடு காட்டினால் சில சமயம் கொஞ்சம் எழுந்து உட்காரும். நான்கையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நரம்பைப் பிடித்தபடி திரும்பினேன். காற்று எதிர்ப்பக்கம். நான் இழுத்த இழுப்பில் வீடும் ஓரடி என் பக்கம் நகர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உள்ளே நாற்பத்தொன்று. பேட்டரியைத் தட்டில் போட்டு அழுத்தினேன். ஒரு 'டிக்'கூட இல்லை. என் கக்கம் அந்தக் குடிசையைவிடக் குளிர்ந்து போயிருந்தது. அந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்த இடம் ஒன்றே ஒன்று: லெம்பியின் ரஜாய்க்கு அடியில்.

பேட்டரியை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன்.

"என்ன அது?"

"பேட்டரி. கொஞ்சம் சூடு பண்ணிக் குடு."

"எங்க இருந்துச்சு?"

"ரேடியோவுல."

"எந்த ரேடியோ?"

"ஏரிக் குடிசைல."

"அப்ப புகைக்குழாய்?"

"அது நல்லாத்தான் இருக்கு."

எங்கள் பக்கத்துப் பெண்கள் கத்த மாட்டார்கள். "ஓ, அப்படியா" என்பார்கள். அதற்குக் கத்தலே மேல். லெம்பி அதைக்கூடச் சொல்லவில்லை. ரஜாயைத் தூக்கி, "வயித்துமேல வை" என்றாள். வைத்ததும் பல்லைக் கடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் நடுக்கம் நின்றது. நடுக்கம் நிற்பது நல்லதற்கல்ல என்று இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கண் செருகியது.

"லெம்பி! தூங்காத!"

"ம்ம்... மேட்ச்சுல யாரு ஜெயிச்சா?"

ஆட்டத்தின் பாதியிலேயே நான் குறட்டை விட்டவன். ஆனாலும் அவள் காதருகே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். நம் பையன்கள் மூன்று கோல். எதிராளி அடித்த பந்து கூரையைப் பொத்துக்கொண்டு போய்ச் செவ்வாய்க்கிழமைதான் கீழே விழுந்தது.

"ஹாக்கில பந்து இல்ல, வட்டு" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அன்னிக்கு வட்டு தீந்துபோச்சு. கோல்கீப்பருக்குக் காய்ச்சல். பதிலுக்கு ஒரு கரடியை நிக்க வச்சாங்க."

"பொய். கரடி... குளிர்காலத்துல தூங்கும்."

"தூங்கிக்கிட்டேதான் நின்னுச்சு. அப்பவும் அதைத் தாண்டி ஒருத்தனாலயும் அடிக்க முடியல."

கண்ணைத் திறந்து என்னை முறைத்தாள். அந்த முறைப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இருபது நிமிஷம் அப்படியே ஓட்டினேன். அறைக்குள் முப்பத்தெட்டு.

பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். டிக், டிக், டிக். பொறி தெரிந்தது, சுடர் இல்லை. மூன்று தடவைக்கு மேல் அது முயலாது, பூட்டிக்கொள்ளும். இரண்டாவது தடவையும் டிக், டிக். சத்தம் மெலிந்துவிட்டது. மூன்றாவது தடவை ஒரே ஒரு டிக்.

பூனைக்கண் திறந்தது. புஸ்ஸென்று போலி விறகு வரிசை முழுக்க நெருப்பு ஓடியது.

அரைமணி நேரத்தில் அவள் உதட்டுக்கு நிறம் திரும்பியது. பேட்டரி தாக்குப்பிடித்தது, ஒரு மணிக்குக் கரண்டும் வந்தது.

"நாலுக்கு ரெண்டு" என்றாள் லெம்பி.

"என்னது?"

"நம்ம பசங்க தோத்துட்டாங்க. அன்னிக்கு நான் இங்க கேட்டேன், சமையலறைக் கரண்ட் ரேடியோவுல. கரடியெல்லாம் இல்ல." கணப்பின் பக்கம் கையை நீட்டினாள். "பனி கரையட்டும். பழைய பைலட்டையே மாட்டிடு."

மாட்டினேன். ஜூலையில் இரண்டு கொசு வந்து அதன் எதிரே உட்கார்ந்து குளிர் காய்ந்தன. நானே பார்த்தேன்.