கிண்ணத்தோடு வந்தவள்

எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குவேன். அதோடு நிறுத்தியும் விடுவேன். யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்று தெரியாமல் பக்கம் பக்கமாகப் போக எனக்குத் தைரியம் கிடையாது. அதை வெளியே சொல்வேனா? ஜெகதளா நூலகத்தில் பாதியைப் படித்து முடித்தவள் இந்தத் தங்கமணி என்று பத்தாம் வகுப்பையே நம்பவைத்திருந்தேன். முடிவை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நூலகர் கொர்னேலியஸ் சாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. புதுப் புத்தகம் எடுத்தால் கடைசிப் பக்கங்களை மட்டும் நூல் போட்டுக் கட்டித்தான் கொடுப்பார். "முடிச்சை அவுத்தீன்னா கார்டைக் கிழிச்சுப்போடுவேன்" என்பார். வாசல் தாண்டியதும் அவிழ்த்துவிடுவேன்.

அந்த ஜூலையில் 'நெடுங்கோதை' என்ற தடி நாவல் அப்படித்தான் கைக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பஸ் ஸ்டாப்பிலேயே நூலை அவிழ்த்தேன். கடைசி வரி இதுதான்: 'நெடுங்கோதை மரக்கிண்ணத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள்.'

"சுத்தப் பைத்தியக்காரப் புத்தகமுங்க. கடைசில கிண்ணத்தைத் தலையில கவுத்துக்கறா, அவ்வளவுதான்" என்று பக்கத்தில் நின்ற சின்னராஜ் அண்ணனிடம் சொன்னேன். அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கிளார்க். எனக்கு அடுத்து அந்தப் புத்தகத்துக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர். "அடப் பாவி, சொல்லிப்போட்டயா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீடு சேர்வதற்குள் புத்தகம் மழையில் நமுத்துவிட்டது. எங்கள் ஊரில் ஜூலை வந்தால் துணியோடு புத்தகத்தையும் கணப்புக்குப் பக்கத்தில் காயப்போடுவோம். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கு லீவு. அம்மா தேயிலை பேக்டரிக்குக் கிளம்பியதும் கடைசிப் பக்கத்தை விரித்துக் கணப்பருகே வைத்தேன். தாளிலிருந்து ஆவி கிளம்பியது. ஆவியோடு ஒரு பெண்ணும் கிளம்பினாள்.

நாற்பது வயது இருக்கும். இடுப்பில் வாள், கன்னத்தில் தழும்பு, தலையில் கவிழ்த்த கிண்ணம். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கத்திய கத்தலில் கூரை பிய்ந்திருக்க வேண்டும்.

"கத்தாதே. நீதானே என்னை அழைத்தாய்? சொல், என் தலையில் எதற்குக் கிண்ணம்? நான் யாருக்காக அழுகிறேன்?"

"எனக்கெப்படிங்க தெரியும்? கடைசிப் பக்கந்தானுங்க படிச்சேன்..."

"அதனால்தான் எனக்கும் கடைசிப் பக்கம் மட்டுமே இருக்கிறது" என்றாள் நெடுங்கோதை. "இந்தத் தழும்பு எப்படி வந்தது என்றுகூட நினைவில்லை. அழுகை மட்டும் நிற்கவில்லை. முதலிலிருந்து படி. நான் நிற்கும் இடத்துக்கு நீ வந்து சேர்ந்தால்தான் நான் வீடு திரும்ப முடியும்."

நானூறு பக்கமா! எனக்கு மயக்கமே வந்தது. ஆனால் அவள் இடுப்பில் வாள் இருந்ததால் வாய்விட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் தம்பி பொழிலன் வந்தான். அக்காவுக்குக் கோபம் வரும்போதெல்லாம் சாப்பிட்ட கிண்ணத்தைக் கிரீடம்போல் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "மன்னர் வந்திருக்கிறேன், எழுந்து நில்!" என்பான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "இவன் என் தம்பி!" என்று நெடுங்கோதை துள்ளி எழுந்தாள். எண்பத்தெட்டாம் பக்கத்தில் தழும்பின் கதை வந்தது. பலாப்பழம் திருடப் போய் மரத்திலிருந்து விழுந்திருக்கிறாள். "போரில் இல்லையா?" என்று அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

மழையும் விடவில்லை, லீவும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் அவளை விறகுக் கொட்டகையில் ஒளித்துவைத்தேன். "ஏங்கண்ணு, டீக்குத் தொட்டுக்க வெச்ச ஒரு பாக்கெட் வர்க்கியும் காலியாயிருச்சு. ஊட்டுக்குள்ள எலி பூந்துருச்சா?" என்று அம்மா அலமாரியைக் குடைந்தாள். நானும் குனிந்து எலியைத் தேடினேன்.

மூன்றாம் நாள் முன்னூற்று எழுபதாம் பக்கம். எதிரிப் படை நெருங்கிவிட்டது. யாராவது ஒருவர் கயிற்றுப் பாலத்தில் நின்று அதை அறுத்துவிட வேண்டும். "நீ போய்ச் சோறு போட்டு வை அக்கா, வந்துவிடுகிறேன்" என்று பொழிலன் கத்தியை எடுத்தான். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"வேண்டாமுங்க, இத்தோட நிறுத்திக்கலாம். அவன் இன்னும் பாலத்து மேலதான் நிக்கறான். படிக்காட்டி அவனுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க இங்கயே இருந்துக்கங்க, நான் வர்க்கி வாங்கித் தர்றேன்" என்று அழுதேன்.

நெடுங்கோதைக்குப் புரிந்துவிட்டது. தலையிலிருந்த கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூன்று நாளாக யாருக்கென்று தெரியாமலே அழுகிறேன், தங்கமணி. அதைவிடக் கொடுமை இல்லை. அவனுக்காகத்தான் என்றால், அவன் பெயரைச் சொல்லியே அழுகிறேனே. படி."

படித்தேன். விடாமல் படித்தேன். பொழிலன் கயிற்றை அறுத்தான். திரும்பி வரவில்லை. கடைசிப் பக்கத்தில் நெடுங்கோதை வீட்டுக்குப் போய் இரண்டு கிண்ணத்தில் சோறு போட்டாள். உலகத்தின் மேலேயே அவளுக்குக் கோபம். அதைத் தணிக்க ஆளில்லை. பிறகு தம்பியின் கிண்ணத்தைக் காலி செய்து கையில் எடுத்தாள். பஸ் ஸ்டாப்பில் நான் கேலி செய்த அதே வரி. இப்போது அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வர்க்கித் தூள் மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை கடைசிப் பக்கங்களுக்கு நானே நூல் கட்டிக்கொண்டு நூலகம் போனேன். கொர்னேலியஸ் சார் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பார்த்ததும் முறைத்தார்.

"அவுத்திருக்கே. சரி, இனி யாருக்கு வேணும் இது? கடைசில கிண்ணத்தைத் தலையில கவுத்துக்குவாளாமே. பைத்தியக்காரப் புத்தகம், எனக்கு வேண்டாம்னு சின்னராஜ் சொல்லிட்டான்."

எனக்கு வந்ததே கோபம்! "யாருங்க சார் பைத்தியம்? நானூத்திப் பன்னண்டு பக்கத்தையும் படிச்சுப்போட்டு அப்பறம் பேசச் சொல்லுங்க அவரை! பொழிலனைத் தெரியுமா அவருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான், சின்னராஜ் அண்ணனுக்கு அப்படிச் சொன்னது யார் என்று நினைவு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

கொர்னேலியஸ் சார் டீ ஆற்றுவதை நிறுத்தினார். டபராவிலிருந்த டீயை டம்ளரில் ஊற்றினார். டபராவைக் கைக்குட்டையால் துடைத்தார். அதை எடுத்துத் தன் வழுக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"மன்னர் வந்திருக்கேன்" என்றார். "எந்திரிச்சு நில்லு."

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன், அழுதபடியே சிரித்துக்கொண்டு.