வில்லியம் ஹார்லோவின் இரண்டு ஆடுகள்

சிட்னியிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆனது. உறையைப் பிரித்தவள் நான்தான். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கடிதம் பிரிப்பதும் தட்டச்சு அடிப்பதும் என் வேலை. சிங்கப்பூரில் பி.ஏ. முடித்தவளுக்கு இது வேலையா என்று கேட்காதீர்கள். ஆசிரியை ஆவதற்குப் போலீஸ் சான்று வேண்டும். நாடு கடத்தப்பட்டவர் மகளுக்கு அது எளிதில் கிடைக்காது. இது 1957, மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை.

தேடச் சொன்னவர் எங்கள் மானேஜர் ஹார்லோ துரை. ஆஸ்திரேலியர். கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலேயர் வீட்டில் பெண் கேட்டிருந்தார். பெண்ணின் தகப்பன் குடும்ப வரலாற்றைக் கேட்டாராம். துரைக்குத் தெரிந்ததெல்லாம் தன் பாட்டனின் தாத்தா 1831இல் கப்பலில் வந்து இறங்கினார் என்பது மட்டுமே. கப்பல் பெயரும் தெரியும். அதைக் குறிப்பிட்டு சிட்னி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டோம்.

வந்த பதிலில் ஒரு முழு மனிதர் இருந்தார். வில்லியம் ஹார்லோ, வயது இருபத்து நான்கு. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். முகத்தில் அம்மைத் தழும்பு, இடது கையில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கிறது. குற்றம், இரண்டு ஆடு திருடியது. தண்டனை, ஏழு வருடம் நாடு கடத்தல். அங்கே போனதும் அவரை ஆடு மேய்க்க விட்டிருக்கிறார்கள். சிரிப்புதான் வந்தது. பிறகு அப்பாவின் நினைப்பு வந்தது.

என் அப்பா சன்னாசி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். 1949இல் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு முன்னால் நின்று கூலியைக் கூட்டிக் கேட்டார். மறுநாள் போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்து, இந்தியாவுக்கு அனுப்பியாயிற்று என்று கூலிகளை மேய்க்கும் மண்டோர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து வாயால் சொன்னார். சொந்த ஊரான முசிறியிலிருந்து சித்தப்பா, அண்ணன் இங்கே வரவில்லை என்று எழுதினார். நான் அரசாங்கத்துக்குப் போட்ட பதினொரு மனுவுக்கும் பதில் இல்லை. நூற்று இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ஆட்டுத் திருடனின் தழும்பு வரைக்கும் தெரிகிறது. என் அப்பா எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

துரை கடிதத்தை இரண்டு முறை படித்தார். என்னிடம் எப்போதும் லயத்துத் தமிழில்தான் பேசுவார். நான் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன்.

"இத யாரு பாத்தா?"

"நான் மட்டும்."

"இத கிழிச்சுப் போடு. சொந்த விருப்பத்துல வந்து குடியேறினான்னு புதுசா அடி."

"அது பொய், சார்."

அவர் காது சிவந்தது. நான் கைப்பையிலிருந்து பன்னிரண்டாவது மனுவை எடுத்து மேசையில் வைத்தேன். இந்த முறை அப்பா எங்கே என்று கேட்கவில்லை. எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று கேட்டிருந்தேன். சிட்னிக்கு எழுதியபோது கற்றுக்கொண்டது.

"நீங்கள் இதில் கையெழுத்துப் போடுங்கள். நான் அதை அடிக்கிறேன்."

"உன் அப்பன் கம்யூனிஸ்ட்டா?"

"இரண்டு ஆடுகூடத் திருடவில்லை, சார்."

யோசிக்கிறேன் என்றார். நானும் யோசிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"செத்துப்போன ஆட்டுக்காரன் சண்டைக்கா வரப்போறான்? அடிச்சுக் குடுடி," என்றாள்.

"பொய்ம்மா."

"நீ உண்மைய எழுதி எழுதித்தான் பதினொண்ணு போட்ட. என்னாச்சு லா?"

மறுநாள் அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லை. துரை என் மனுவில் கையெழுத்துப் போட்டார். சிட்னிக் கடிதத்தைக் கிழித்துவிட்டாயா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அது என் கைப்பையில் இருந்தது.

துரையின் கையெழுத்துக்கு மூன்றே வாரத்தில் பதில் வந்தது. கப்பல் பெயர், தேதி. அப்பா நாகப்பட்டினத்தில் இறங்கினார். கடைசியாகத் தெரிந்த முகவரி, வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கீழே இன்னொரு வரி இருந்தது. நாட்டைவிட்டுச் சென்ற காரணம்: சொந்த விருப்பம்.

அந்த வரியிலும் பிழை இல்லை. என்னைப் போல யாரோ ஒருத்தி உட்கார்ந்து, சொன்னதை அப்படியே அடித்திருக்கிறாள்.

அம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். முகவரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அன்றைக்கே அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன்.

"ஏன் ஒரு கடுதாசிகூட போடலன்னு கேக்கப்போறேன்."

"மொதல்ல ஒடம்பு எப்படி இருக்குன்னு கேளு. சண்டைய அடுத்த கடுதாசில வச்சுக்க."

மறுநாள் காலை ஒரு புதுக் கோப்பு எடுத்தேன். மேலட்டையில் 'ஹார்லோ, வில்லியம். இரண்டு ஆடுகள். நாடு கடத்தப்பட்டவர்' என்று அடித்தேன். சிட்னிக் கடிதத்தை உள்ளே வைத்து, தோட்டத்துக் கோப்புகளோடு அடுக்கினேன். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி செல்லையா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா கங்கா, நம்ம தோட்டத்துல ஏது ஆடு?"

"இருந்துச்சு கிராணி. ரெண்டு."